குமரி ரப்பர் பலகை: மஞ்சள் சிவந்தால் வாங்கலாம்

மார்த்தாண்டம், குலசேகரம், தக்கலை, நாகர்கோவில் பக்கத்துத் தடிக்கடைகளில் ரப்பர் மர ஜாயின்ட் பலகை இன்று சாதாரணமாகக் கிடைக்கும் சரக்கு. விரல்கோத்தது போல் துண்டுகளைச் சேர்த்துப் பசையிட்டு இறுக்கிய பலகை இது. எட்டடிக்கு நாலடி, கனம் 12, 18, 25 மி.மீ. என்று வரும். இங்கே எடைபோடுவது அதிகம் விலைபோகும் 18 மி.மீ. பலகையை. வீட்டுக்கு ஒரு அலமாரி செய்கிறவருக்கும் இது உதவும். ஆனாலும் லாட்ஜ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பர்னிச்சர் ஷோரூம், கட்டட ஒப்பந்தக்காரர் என்று மொத்தமாக எடுக்கிறவர்களை மனதில் வைத்தே எழுதுகிறோம். காட்டுக்கு நல்லதோ கெட்டதோ செய்யும் அளவுக்குத் தடி வாங்குகிறவர்கள் அவர்கள்தான்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். மழையும் மண்ணும் படாத உள்வேலைக்கு, குமரியில் புதிதாக அறுத்துக் கிடைக்கும் தடிகளில் காட்டுக்கு ஆகக் குறைந்த சேதம் செய்வது இதுதான். ஐந்துக்கு நாலு கொடுக்கலாம். ஆனால் அந்த நாலு, பூச்சி அரிக்காமல் இருக்க ஏற்றும் மருந்து உள்வரை ஏறிய பலகைக்கு மட்டும். ஏறாத பலகை இரண்டு மூன்று வருஷத்தில் மாவாகக் கொட்டும். கொட்டியதற்குப் பதிலாக இன்னொரு மரம் விழ வேண்டும். அப்படிப் பார்த்தால் இந்த ஊரில் காட்டைக் காக்கும் வேலை பாதி மலையடிவாரத்திலும் பாதி மருந்துத் தொட்டியிலும் நடக்கிறது. விளம்பரத்தில் மரக்கன்று படம் போடும் நிறுவனங்கள் கவனிக்காமல் விடுவது இந்த இரண்டாவது பாதியைத்தான்.

ரப்பரை ஏன் முன்னே வைக்கிறோம் என்றால், அந்த மரம் பலகைக்காக வெட்டப்படுவதில்லை. நட்ட ஏழாம் வருஷத்தில் பால்வெட்டு தொடங்கும். 25, 30 வருஷம் ஆனதும் பட்டை தீர்ந்து, பால் குறைந்து, மிச்சப் பாலையெல்லாம் எடுக்கும் கடைசி வெட்டான ஸ்லாட்டர் வெட்டு வெட்டி, தோட்டக்காரர் மரத்தைத் தள்ளிவிட்டு மறுநடவு செய்வார். நீங்கள் பலகை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அது விழத்தான் போகிறது. ஒரு காலத்தில் இந்தத் தடி சூளைக்கு விறகாகவும் பெட்டி அடிக்கவும் போனது. இன்று கணிசமான பங்கு எல்லை தாண்டிப் பெரும்பாவூர் பிளைவுட் ஆலைகளுக்குப் போகிறது.

ஷோரூம்களில் இன்னும் பெருமையாகச் சொல்லப்படும் ‘பர்மா தேக்கை’ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மியான்மர் 2014 ஏப்ரல் முதல் உருட்டுத் தடி ஏற்றுமதியைத் தடைசெய்துவிட்டது. தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வந்து இறங்கும் தேக்கு உருட்டுகள் எந்தக் கண்டத்துத் தோட்டத்தில் வளர்ந்தவை என்று கடைக்காரரிடம் கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது ஒரு புன்னகைதான். தேக்கு கெட்ட மரம் என்று சொல்லவரவில்லை. ஊர் பெயர் தெரியாத தேக்கைவிட, சர்வே நம்பர் தெரிந்த ரப்பர் மேல்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ரப்பர் தோட்டம் காடு அல்ல. ஒரே இன மரம், அடியில் மூடுபயிர், அவ்வளவுதான். காட்டை அழித்துப் புதிதாக நட்ட ரப்பரிலிருந்து வந்த பலகைக்கு இந்த நாலு மதிப்பெண் கிடையாது. ஏற்கெனவே ரப்பர் நின்ற நிலத்தில் இரண்டாம், மூன்றாம் சுற்று வெட்டுத்தானா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அருமனை, குலசேகரம் பக்கத்துப் பழைய தோட்டங்களில் இதற்குப் பதில் சொல்வது கஷ்டமில்லை. வேரோடு பிடுங்கிய குழியைப் பார்த்தாலே தெரியும்.

அளவு எவ்வளவு என்று புரிய ஒரு சின்னக் கணக்கு. கன்னியாகுமரியில் 40 அறை லாட்ஜ் ஒன்றுக்குக் கட்டில் செய்ய வேண்டும், அறைக்கு 5 கன அடி இழைத்த பலகை என்று வையுங்கள். மொத்தம் 200 கன அடி. உருட்டிலிருந்து அறுத்து, உலர்த்தி, கணு நீக்கி, விரல்வெட்டுப் போட்டு, இழைத்து வரும்போது மிஞ்சுவது ஏறக்குறைய கால்வாசி. ஆக 800 கன அடி உருட்டு வேண்டும். அறுக்கத்தக்க தடி மரத்துக்கு 10 கன அடி என்று எடுத்தால் 80 மரம். காற்றிலும் நோயிலும் போனது போக, வெட்டும் பருவத்தில் ஏக்கருக்கு 120 மரம் நிற்கிறது என்று கொண்டால், முக்கால் ஏக்கருக்கும் குறைவான பழைய தோட்டம் ஒரு லாட்ஜுக்குப் போதும். இதே வேலையை எங்கிருந்து வந்தது என்று தெரியாத காட்டுத் தடியில் செய்தால் எத்தனை மரம் என்ற கணக்கையே யாராலும் போட முடியாது. வித்தியாசம் அங்கேதான்.

ஏன் உளுக்கிறது

தேக்கு, அயினி, பலா எல்லாவற்றுக்கும் நடுவில் வைரம் என்கிற நிறம் மாறிய கெட்டிப் பகுதி உண்டு. பூச்சிக்குப் பிடிக்காத சத்து அதில்தான் இருக்கிறது. ஆசாரிகள் வெளிப்பக்க வெள்ளையைச் செதுக்கித் தள்ளிவிட்டு வைரத்தை எடுப்பது இதற்காக. ரப்பர் மரத்தில் அப்படித் தனியாகப் பிரிந்த வைரமே கிடையாது. பட்டையிலிருந்து நடு வரை ஒரே வெள்ளை, அதில் முழுக்க மாவுச்சத்தும் சர்க்கரையும். வண்டுக்கு அது விருந்து. துளையைப் பார்த்தே எந்த வண்டு என்று ஊகிக்கலாம். குண்டூசித் தலை அளவில், ஒன்று இரண்டு மி.மீ. துளையும் அடியில் மைதா போல் நுண்ணிய தூளும் இருந்தால் அது முடிந்த வேலைக்குள் புகும் தூள்வண்டு. மூன்று மி.மீ.க்கு மேற்பட்ட துளை என்றால் வேறு வகை. முதலாவது ஆபத்தானது. கட்டில் அறைக்குள் போன பிறகும் முட்டையிட்டுப் பெருகும்.

பூஞ்சை அதைவிட அவசரக்காரன். வெட்டிய ஒன்றிரண்டு நாளிலேயே உருட்டின் முனையில் நீலம் பாயத் தொடங்கும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் சாய்த்துப் போட்டதைப் போல ஒரே நேரத்தில் ஏராளமான மரம் விழுந்தால், அறுக்கும் மில்லுக்கு முறை வருவதற்குள் தடி நீலமாகிவிடும். நீலம் நிறத்தைக் கெடுக்குமே தவிர, வலுவைப் பெரிதாகக் குறைக்காது. ஆனாலும் அது ஒரு செய்தி சொல்கிறது: இந்தத் தடி மருந்துக்கு முன்னால் காத்துக் கிடந்திருக்கிறது, இதைக் கூடுதலாகச் சோதி.

சரியான முறை இதுதான். வெட்டிய மூன்று நாளுக்குள் அறுக்க வேண்டும். அறுத்த பச்சைப் பலகையை உருளைத் தொட்டியில் அடுக்கி மூடி, முதலில் காற்றை உறிஞ்சி வெற்றிடம் பிடிக்க வேண்டும். பாதரச மானியில் 600 மி.மீ. அளவுக்கு, அரை மணி நேரம். பிறகு மருந்துக் கரைசலை விட்டு, சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ அழுத்தத்தில் ஒரு மணியிலிருந்து இரண்டு மணி வரை வைக்க வேண்டும். கடைசியில் மறுபடி கொஞ்சம் வெற்றிடம், மேலே நிற்கும் கரைசல் வடிய. மருந்து என்பது வேறொன்றுமில்லை, வெங்காரம் என்கிற போராக்ஸ் ஒன்றரைப் பங்கு, போரிக் ஆசிட் ஒரு பங்கு. 100 லிட்டர் தண்ணீருக்கு இரண்டும் சேர்த்து 6 கிலோ அளவில். வெங்காரம் தனியாகவோ போரிக் ஆசிட் தனியாகவோ எளிதில் இவ்வளவு கரையாது. சேர்ந்தால் கரையும். விகிதம் அதற்காகத்தான்.

தொட்டி இல்லாத சின்ன மில்களுக்கு ஊறவைக்கும் முறை இருக்கிறது, அதுவும் சரியானதே. ஆனால் பொறுமை வேண்டும். செறிவான சூடான கரைசலில் பச்சைப் பலகையை முக்கி எடுத்து, இடைவெளி விடாமல் நெருக்கி அடுக்கி, பிளாஸ்டிக் தாளால் மூடி, ஓர் அங்குலப் பலகையானால் இரண்டிலிருந்து நாலு வாரம் வைக்க வேண்டும். மரத்தின் ஈரத்தின் வழியே மருந்து உப்பு மெல்ல நடுவரை நகரும். ஈரம் போய்விட்டால் நகராது.

கெட்டுப்போவது இங்கேதான். பத்து நிமிஷம் முக்கி, மறுநாளே உலர்த்தும் சூளையில் ஏற்றிவிடுவார்கள். மருந்து மேல் இரண்டு மூன்று மி.மீ.யோடு நின்றுவிடும். அப்புறம் பிளேனரில் பக்கத்துக்குப் பக்கம் அதே இரண்டு மூன்று மி.மீ. இழைத்துத் தள்ளுவார்கள். மருந்து முழுக்கச் சீவலில் போய்விடும். வாடிக்கையாளர் வீட்டுக்குப் போவது மருந்தில்லாத மாவு மரம். பில்லில் மட்டும் ‘கெமிக்கல் ட்ரீட்டட்’ என்று இருக்கும். பொய்யும் இல்லை, மருந்தில் முக்கியது உண்மைதான்!

மஞ்சள் சோதனை

இதைக் கண்டுபிடிக்க லேபுக்கு அனுப்ப வேண்டாம். மஞ்சளோடு வெங்காரமும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் குங்குமம் செய்கிறோமே, அதே வேதியியல். மஞ்சளும், வெங்காரத்திலும் போரிக் ஆசிட்டிலும் உள்ள போரானும் அமிலத்தில் சேர்ந்தால் சிவக்கும்.

இரண்டு குப்பி வேண்டும். முதல் குப்பியில் 10 கிராம் மஞ்சள்தூளை 90 மி.லி. ஸ்பிரிட்டில் ஓர் இரவு ஊறவைத்து, தெளிவை வடிகட்டி எடுங்கள். இரண்டாவதில் 80 மி.லி. ஸ்பிரிட்டில் 20 மி.லி. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை மெதுவாக ஊற்றி, கரையும் மட்டும் சாலிசிலிக் ஆசிட் போட்டுக் கலக்குங்கள். கையுறை, கண்ணாடி கட்டாயம். திறந்த இடத்தில், நெருப்புப் பக்கத்தில் இல்லாமல் செய்ய வேண்டும்.

பலகையை முனையில் சோதிக்காதீர்கள். முனை எப்போதும் அதிகமாகக் குடிக்கும், அது ஏமாற்றிவிடும். நடுவில் குறுக்கே அறுத்து, அறுத்த முகத்தை உளியால் சீவிச் சுத்தமாக்குங்கள். முதல் குப்பியைத் தடவினால் முகம் முழுக்க மஞ்சளாகும். காய விடுங்கள். அதன்மேல் இரண்டாவது குப்பியைத் தடவிச் சில நிமிஷம் பாருங்கள். ஓரம் முதல் நடுவரை சிவந்தால் மருந்து ஏறியிருக்கிறது. சிவப்பு ஒரு மெல்லிய சட்டம் போல ஓரத்தில் மட்டும் ஓடி, நடுவில் மஞ்சள் மஞ்சளாகவே நின்றால் அது முக்கி எடுத்த சரக்கு. ஜாயின்ட் பலகையில் இன்னொரு காட்சியும் உண்டு. ஒரு துண்டு முழுக்கச் சிவக்கும், ஒட்டியிருக்கும் அடுத்த துண்டு மஞ்சளாகவே நிற்கும். மருந்து ஏறிய சரக்கோடு ஏறாததைக் கலந்து ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள். அந்த ஒரு துண்டு போதும், வண்டு வீடு கட்ட.

ஓர் எச்சரிக்கை. பாக்கெட் மஞ்சள்தூளில் சாயம் கலந்திருந்தால் அமிலம் பட்டதும் அதுவே ரோஸாகிவிடும், மருந்து இல்லாத பலகையும் பாஸாகிவிடும். மஞ்சள் கிழங்கை வாங்கிப் பொடித்துக்கொள்ளுங்கள். அதோடு மருந்தே காணாத ஒரு மரத்துண்டிலும் சேர்த்துத் தடவிப் பாருங்கள். அது மஞ்சளாகவே நிற்க வேண்டும்.

எடை, ஈரம், பசை

முழுப் பலகை ஒன்றைத் தராசில் வையுங்கள். 18 மி.மீ. எட்டுக்கு நாலு பலகை, நன்றாக உலர்ந்ததானால் 30 முதல் 35 கிலோ வரும். 40-ஐத் தொட்டால் ஈரம் இருக்கிறது. 25-க்குக் கீழே போனால் அது ரப்பரே அல்லாத மென்மரமாக இருக்கலாம்.

ஈரத்தை அளக்கும் ஊசி மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். மருந்து உப்பு மின்சாரத்தைக் கடத்துவதால் மீட்டர் கூடுதலாகக் காட்டும், அதைச் சொல்லியே ஈரப் பலகையைத் தள்ளிவிடும் விற்பனையாளர்களும் உண்டு. தகராறு வந்தால் ஒரு துண்டை எடைபோட்டு, 103 டிகிரி அடுப்பில் எடை குறைவது நிற்கும்வரை காயவைத்து மறுபடி எடைபோடுங்கள். முதலில் 62.4 கிராம், காய்ந்ததும் 55.7 கிராம் என்றால், குறைந்த 6.7-ஐ 55.7-ஆல் வகுத்தால் 12 சதவீதம். குமரிக்கு 10 முதல் 12 சதவீதம் சரி. 8-க்கு உலர்த்திய பலகை உயர்ந்தது என்று நினைக்க வேண்டாம். ஆனி ஆடியிலும் ஐப்பசி கார்த்திகையிலும் இரண்டு முறை நனையும் ஊர் இது, கடற்காற்று வேறு. இரண்டடி அகல மேஜைப்பலகை நாலு சதவீத ஈரம் ஏறினால் மூன்று நாலு மி.மீ. விரியும். நாலு மூலையும் திருகி இறுக்கினால் வளையும் அல்லது பிளக்கும். திருகுத் துளையைப் பலகையின் அகலவாக்கில் கொஞ்சம் நீட்டிவிட்டால் போதும்.

பசையில் டி3, டி4 என்று இரண்டு தரம் கேள்விப்படுவீர்கள். டி4 தண்ணீருக்கு அதிகம் தாங்கும், சமையலறை வேலைக்கு அதைக் கேளுங்கள். ஒரு துண்டை ஒரு நாள் தண்ணீரில் போட்டுவைத்து, ஜாயின்டில் உளி வைத்துத் தட்டினால் மரநாரில் கிழிய வேண்டும். பசைக்கோட்டில் வழுவழுப்பாகப் பிரிந்தால் வேண்டாம்.

அறுக்கும்போது இரண்டு தொல்லை. பால் சிரட்டை கட்டிய கம்பியும் ஆணியும் சில சமயம் பட்டைக்குள் புதைந்து வரும், ரம்பப் பல் போய்விடும். நல்ல மில்லில் வெட்டுப்பட்டை இருந்த அடிப்பாகத்தைத் தனியாக ஒதுக்குவார்கள். இன்னொன்று, காற்றில் சாய்ந்து வளர்ந்த மரத்தின் ஒரு பக்கம் நார் இழுவையாக இருக்கும். இழைத்தால் வழுவழுப்பு வராது, கம்பளி போல் பிசிறும், பாலிஷ் திட்டுத்திட்டாகக் குடிக்கும். இந்தத் துண்டுகளை முகப்பில் வைக்காமல் உள்தட்டுக்கு ஒதுக்கலாம்.

ஒதுக்குவது என்றதும் சொல்லத் தோன்றுகிறது. இரண்டு பக்கமும் பளிச்சென்ற ஏ கிரேடுதான் வேண்டும் என்று அலமாரியின் முதுகுக்கும் கட்டிலின் அடித்தட்டுக்கும்கூடக் கேட்கும் நிறுவனங்கள்தான் மிகுதியாக மரத்தை வீணாக்குகின்றன. கணுவும் நீலமும் உள்ள துண்டெல்லாம் விறகாகிவிடும். ஒரு பக்கம் ஏ, மறுபக்கம் கணுவும் நீலமும் இருக்கலாம் என்கிற சி போதும் என்று எழுதிக் கொடுங்கள். வரைபடத்திலும் கவனம் வேண்டும். அலமாரியின் ஆழம் 610 மி.மீ. என்று வரைந்துவிடுவார்கள், இரண்டடி என்ற கணக்கில். பலகையின் அகலம் 1220. ரம்பம் நாலு மி.மீ. தின்றுவிடும். இரண்டு 610 வராது, பலகைக்குப் பாதி வீண். 600 என்று வரைந்தால் இரண்டு வரும். பத்து மி.மீ. பென்சில் கோட்டில் எத்தனை மரம் மிச்சமாகிறது என்று யோசியுங்கள்.

எங்கிருந்து வந்தது

காகிதம் இல்லாத பலகைக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. ரப்பர் லோடு என்ற பெயரில் வேறு தடி கலந்து வந்தால் நம் பணம்தான் மலையில் கோடாலி பிடிக்கிறது.

மரம் நின்ற கிராமமும் சர்வே நம்பரும், பட்டா நகல், தோட்டக்காரர் விற்ற ரசீது இவை முதலில். அரசு ரப்பர் கழகத் தோட்டத்து மரம் என்று சொன்னால் விற்பனை ஆணையின் நகல் இருக்க வேண்டும். கீரிப்பாறை, மணலோடை, சிற்றாறு, கோதையாறு என்று எந்தக் கோட்டம் என்பதும் அதில் தெரியும். 1949-ஆம் வருஷத்துத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தில் அறிவிக்கப்பட்ட நிலமானால் மாவட்டக் குழுவின் அனுமதி இல்லாமல் மரத்தில் கைவைக்க முடியாது. பட்டா இருக்கிறதே என்பது அங்கே பதிலாகாது. தடியை ஏற்றிச் செல்ல வனத்துறையின் பயண அனுமதிச் சீட்டு வேண்டிய இனமா, விலக்குப் பெற்ற இனமா என்பதை வனச்சரக அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பரில் நாடு முழுக்க விரிந்த தேசியப் பயண அனுமதி முறையில் சீட்டிலேயே க்யூஆர் குறி வரும், போனில் பார்த்துச் சரிபார்க்கலாம்.

அறுத்த மில்லின் உரிம எண்ணையும் கேளுங்கள். காடுகள் பற்றிய கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் இட்ட ஆணைக்குப் பிறகு உரிமமில்லாத தடிமில் நடத்த இடமில்லை. தமிழ்நாட்டில் இதற்கென்று 2010-இல் தனி விதிகளும் வந்தன. உரிமம் உள்ள மில் எண்ணைச் சொல்லத் தயங்காது.

காகிதம் கையில் வந்ததும் ஒரு கூட்டல் கழித்தல் போடுங்கள். 1,000 கன அடி ரப்பர் உருட்டு அறுத்தால் பச்சைப் பலகையாக 300, 400 கன அடிதான் வரும். 500 கன அடி உருட்டுக்கு மட்டும் பில் காட்டிவிட்டு 350 கன அடி பலகை விற்கிறவரிடம் மீதித் தடி எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். ஆனால் சண்டைக்குப் போகும் முன் அளவு முறையைப் பாருங்கள். தடி வியாபாரத்தில் சுற்றளவை நாலாக வகுத்து, அதை வர்க்கமாக்கி, நீளத்தால் பெருக்கும் வழக்கம் இருக்கிறது. 48 அங்குலச் சுற்றளவு, 10 அடி நீளம் என்றால் அந்தக் கணக்கில் 10 கன அடி. உண்மையில் அதில் இருப்பது 12.7. இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டால் நல்ல மில்லையும் திருடனாக்கிவிடுவோம்.

காட்டைக் கெடுக்காமல் எடுத்த மரம் என்று சொல்லும் பன்னாட்டுச் சான்றான எஃப்.எஸ்.சி. முத்திரை பற்றி இரண்டு வார்த்தை. பலகையில் ஒட்டிய மரக்குறி ஸ்டிக்கர் மட்டும் ஒன்றையும் நிரூபிக்காது. சி என்ற எழுத்தோடு ஆறு இலக்கம் வரும் உரிமக் குறியீட்டை எஃப்.எஸ்.சி.யின் இணையத் தேடலில் போட்டு, உரிமம் நடப்பில் இருக்கிறதா, ரப்பர் பலகை அந்தச் சான்றின் பட்டியலில் உண்டா என்று பாருங்கள். விலைப்பட்டியலிலும் சான்று எண்ணும், ‘100 சதவீதம்’ அல்லது ‘மிக்ஸ்’ என்ற உரிமைகோரலும் அச்சாகியிருக்க வேண்டும். நடுவில் சான்று இல்லாத ஒரு வியாபாரி பலகையை வாங்கி விற்றால் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். இந்தியாவுக்கென்று வன, மரச் சான்றளிப்புத் திட்டம் ஒன்றும் 2023 டிசம்பரில் அறிவிக்கப்பட்டிருக்கிறது. எங்கள் கருத்து: குமரிக்குள் வாங்கி குமரிக்குள் விற்கும் கடைக்குச் சான்றைவிடச் சர்வே நம்பர் பெரிது. ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்யும் நிறுவனத்துக்குப் பொருள் செய்கிறவர்களுக்கு அது போதாது. அங்கே 2023-இல் வந்த காடழிப்புத் தடுப்பு விதியில் மரமும் ரப்பரும் இரண்டுமே பட்டியலில் உள்ளன. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்துச் சரக்கு ஆகாது. நாலு ஹெக்டேர் வரையிலான தோட்டத்துக்கு ஒரு புள்ளியின் அட்சரேகை, தீர்க்கரேகை போதும், அதுவும் ஆறு தசம இலக்கத்தோடு. அதற்கு மேற்பட்ட தோட்டத்துக்கு எல்லையையே வரைந்து கொடுக்க வேண்டும். அமலாகும் தேதி தள்ளித் தள்ளிப் போகிறது. தோட்டக்காரர்களின் புள்ளிகளை இப்போதே குறித்துவைப்பதற்குக் காசு செலவில்லை, போன் போதும்.

எதற்கு ஆகாது

ஐந்தாவது மதிப்பெண்ணை ஏன் பிடித்துக்கொண்டோம் என்றால், இந்த மருந்து தண்ணீரில் கரைந்து போகும். வெளி ஜன்னல், குளியலறைக் கதவு, தரையில் ஊன்றும் நிலை, திறந்த வராந்தா இவற்றுக்கு ரப்பர் பலகை போட்டால் மழை மருந்தைக் கழுவிவிடும், கரையான் மீதியைப் பார்த்துக்கொள்ளும். பாலிஷ் போட்டால் போதும் என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். பாரம் தாங்கும் உத்தரத்துக்கும் ஜாயின்ட் பலகை ஆகாது. புத்தகத் தட்டுக்கு வைத்தால் இரண்டரை அடிக்கு ஒரு தாங்கல் கொடுங்கள், இல்லையென்றால் தொய்யும்.

அந்த இடங்களுக்கு ஊரிலேயே விடை இருக்கிறது. வள்ளம் கட்டிய அயினி வைரம் தண்ணீருக்கு அஞ்சாது. பத்மநாபபுரம் அரண்மனைத் தாய்க்கொட்டாரத்தில் ஒற்றைப் பலாத்தடியில் செதுக்கிய தூண் இன்றும் நிற்கிறது, பலாவைப் பற்றி அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. இரண்டும் வீட்டுப் புரையிடத்தில் வளர்பவை, மலைக்குப் போகத் தேவையில்லை. காய்ப்பு நின்ற முதிய தென்னையின் வெளிப்புறக் கறுத்த பாகம் கூரையின் கழுக்கோலுக்கும் பட்டியல் சட்டத்துக்கும் நன்று, நடுவிலுள்ள மென்மையான சோறு வேண்டாம். எல்லாவற்றையும்விட மேல், இடிக்கும் ஓட்டுவீட்டுப் பழைய தடி. ஆணி பார்க்கும் கருவி ஒன்று இருந்தால் மில்காரர் முணுமுணுக்காமல் அறுத்துத் தருவார்.

விலையில் ரப்பர் பலகை நல்ல தேக்கில் பாதிகூட வராது. மருந்தும் சூளையும் ஒழுங்காகச் செய்த பலகைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்கள். அந்தக் கூடுதலைப் பேரம் பேசிக் குறைத்தால் குறைவது வெங்காரமும் வெற்றிட நேரமும்தான், கடைக்காரர் லாபம் அல்ல.

ஆர்டர் கொடுக்கும்போது ‘நல்ல ரப்பர் பலகை’ என்று எழுதாதீர்கள். 18 மி.மீ., ஏ/சி கிரேடு, ஈரம் 10–12 சதவீதம், டி4 பசை, குறுக்கு வெட்டில் மஞ்சள் சோதனையில் நடுவரை சிவப்பு, சர்வே நம்பரும் மில் உரிம எண்ணும் விலைப்பட்டியலில், மருந்துத் தொட்டியில் அந்த லோடு ஏறிய தேதியும் அழுத்தமும் நேரமும் எழுதிய பதிவேட்டு நகல் என்று எழுதுங்கள். லோடு இறங்கும்போது நூறு பலகைக்கு மூன்று வீதம் நீங்களே பொறுக்கி, நடுவில் அறுத்துச் சோதியுங்கள். அறுத்த மூன்றும் உங்கள் கணக்கு, சின்னத் தட்டுக்கு ஆகும். ஒன்று மஞ்சளாக நின்றால் இன்னும் மூன்று. அதிலும் ஒன்று நின்றால் முழு லோடும் வந்த வண்டியிலேயே திரும்ப வேண்டும். ஏற்று இறக்குக் கூலி யார் தலையில் என்பதையும் அந்த ஆர்டரிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.